எட்டாம் இடத்துப் பென்சில் வட்டம்

குற்றச்சாட்டை முதலில் வைக்கிறேன். 17.11.2024 ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் நடந்த நீலகிரி மாவட்ட அட்டை ஆட்டச் சாம்பியன் போட்டியில், ஐந்தாம் சுற்றின் முடிவில் எட்டாம் இடம் விதிப்படி எனக்கு வர வேண்டியது. அது ரஞ்சனிக்குப் போனது. ஆட்டத்தை விட்டுச் சென்ற ஒருவரின் பெயரைப் போட்டிப் பதிவாளர் திரு. அம்புரோஸ் வெட்டாமல் வைத்திருந்ததே அதற்குக் காரணம். அந்த எட்டாம் இடத்திலிருந்து ஏறிச் சென்றுதான் ரஞ்சனி கோப்பையை வென்றார். ஜனவரியில் கோயம்புத்தூரில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் போக முடியும். அந்த ஒருவர் இப்போது அவர்.

எங்கள் அட்டை ஆட்டச் சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சாம்பியனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி மலர்க்குழு என்னைக் கேட்டது. பிழையில்லாமல் நான்கு பக்கம் எழுதக்கூடியவர் சங்கத்தில் வேறு யாரும் இல்லை என்றார்கள். அது உண்மைதான். ஒரு வரியையும் நீக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கடிதமாகக் கொடுத்து, ஒப்புதலைக் கையெழுத்துடன் வாங்கிக்கொண்ட பிறகே பேனாவை எடுத்தேன். இரண்டு தாள்களும் என் கோப்பில் உள்ளன.

ரஞ்சனிக்கு வயது இருபத்து நான்கு. சேரம்பாடிக்குப் பக்கத்தில், சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். தாயார் இசக்கியம்மா கொழுந்து பறிப்பவர். சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். தகப்பனார் ரஞ்சனி பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். இசக்கியம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாகி, மலையிறங்கிக் கோழிக்கோட்டு மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடக்க நேர்ந்தது. விடுப்புக்கு எழுதிக் கொடுக்க ஆளில்லை.

தோட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தினமும் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதிவது செக்ரோல். சொல்லாமல் பல நாள் வராதவர் பெயரை அதில் வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அன்று அங்கே செக்ரோல் எழுதிய கணக்கப்பிள்ளை திரு. அம்புரோஸ். அவர் இசக்கியம்மாவின் பெயரை வெட்டவில்லை. ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டு வைத்தார். வரவும் இல்லை, நீக்கமும் இல்லை என்பது அதன் பொருள்.

இதை நான் துருவிக் கண்டுபிடிக்கவில்லை. பரிசளிப்பு முடிந்து டீ குடிக்கும்போது இசக்கியம்மாவே எல்லோர் முன்னிலையிலும் பெருமையோடு சொன்னார்.

“பேர வெட்டியிருந்தா பத்துச்சீட்டக் கையில குடுத்து, லயத்த விட்டு எறங்குன்னிருப்பாங்க. அந்தய்யா வெட்டல. ஆளு வரும், வட்டம் கெடக்கட்டும்னாரு. நான் புள்ளயோட வந்து நின்னேன். அந்தப் புள்ளதான் இந்தா நிக்கிறது.”

கூடியிருந்தவர்கள் கண் கலங்கினார்கள். நான் கலங்கவில்லை. அந்த வட்டத்தை அன்று மதியந்தான் வேறொரு ஏட்டில் பார்த்திருந்தேன்.

திரு. அம்புரோஸ் ஓய்வு பெற்றுக் குன்னூரில் குடியேறினார். பிளஸ் டூ முடித்த ரஞ்சனிக்குப் அவ்வூர்ப் பெட்போர்டு பகுதியில் ஒரு பேக்கரியின் பில் கவுண்டரில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. வேலை கிடைத்த முதல் ஆண்டிலேயே ரஞ்சனிக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். மருத்துவமனைப் பக்கம் போகிறவர் என்ன ரொட்டி கேட்பார், பள்ளி ஆசிரியை எந்த நாளில் வர்க்கி வாங்குவார் என்பதெல்லாம் அவருக்கு முகத்தைப் பார்த்தவுடன் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் நகர மாட்டார்கள். நான் இரண்டு முறை நகர்ந்திருக்கிறேன்.

இனி அட்டை ஆட்டத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பது. தாலுகா அலுவலகத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஆட்டத்தின் விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற நான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் அதை வரிவரியாகத் தமிழில் எழுதினேன். ஆண்டுகள் பிடித்தன. இம்மலையில் இந்த ஆட்டத்தைத் தமிழில் கற்றவர்கள் அனைவரும் என் எழுத்தில்தான் கற்றார்கள். அவர்களில் ரஞ்சனியும் ஒருவர். ஆதார் அட்டை நகலெடுக்க வந்தவர், இயந்திரத்தின் மேல் கிடந்த பக்கங்களைப் பார்த்து ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். அடுத்த வாரம் திரும்பி வந்தார்.

“அண்ணா, ஒரு விதி ரெண்டு எடத்துல வந்திருக்குதுங்க.”

“முக்கியமான விதி.”

“அப்படீன்னா மூணு எடத்துல போட்டிருக்கலாமுங்களே.”

என் மொழிபெயர்ப்பைப் பற்றி அதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. முதலில் வந்த சொல் இது.

எட்டே மாதத்தில் அவர் போட்டிக்குத் தயாரானார். ஒவ்வொருவரும் அறுபது அட்டைகளைத் தாமே தேர்ந்து ஓர் அடுக்காகக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது ஆட்டத்தின் அடிப்படை. உலகப் போட்டிகளில் வென்ற அடுக்குகளின் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒவ்வோர் அட்டைக்கும் காரணம் எழுதி, அரிய அட்டைகளை வெளியூரிலிருந்து வரவழைத்து என் அடுக்கைக் கட்டினேன். ரஞ்சனியின் அடுக்கு வேறு வகை. அட்டைப் பாக்கெட் வாங்கிப் பிரிப்பவர்கள் வேண்டாமென்று கழித்த சாதாரண அட்டைகளைச் சங்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். அதிலிருந்து பொறுக்கிக் கட்டியது அது. என் கையால் அந்த டின்னில் போட்ட அட்டைகளும் அதில் உண்டு.

அவருடைய தாயாருக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை. ஒரு முறை தொலைபேசியில் அவர் திட்டியது சங்க அறை முழுவதும் கேட்டது.

“அட்ட கடி தாங்கித்தான்டி இத்தன வருசம் மலையில நின்னேன். நீ அட்டைய வச்சு வெளயாடுறியாக்கும்?”

“இது கடிக்காதும்மா.”

“தோத்தா கடிக்கும் பாரு.”

தோற்றால் எப்படிக் கடிக்கும் என்பது இசக்கியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

போட்டியின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். மலரைப் படிக்கும் குடும்பத்தார் பலர், தோற்றவர் வீட்டுக்குப் போகும் கபடிப் போட்டி போன்றது இது என்று நினைக்கிறார்கள். முற்பகுதி அப்படியல்ல. அதில் தோற்பதால் யாரும் வெளியேறுவதில்லை. முப்பத்திரண்டு பேரும் ஐந்து சுற்று ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சம வெற்றி பெற்ற இருவரை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். ஒரு முறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள். ஐந்து சுற்றுக்குப் பின் முதல் எட்டுப் பேர் பிற்பகுதிக்குப் போவார்கள். அங்கேதான் தோற்றவர் வெளியே. மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றவர் மேலே.

சிக்கல் எட்டாம் இடத்தில்தான் வரும். முப்பத்திரண்டு பேரில் நான்கோ ஐந்தோ வெற்றி பெறுபவர்கள் ஆறு பேர் இருப்பார்கள். மூன்று வெற்றி பெறுபவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். எஞ்சிய இரண்டு நாற்காலிகள் அந்தப் பத்துப் பேரில் யாருக்கு? நீங்கள் யாரோடு மோதினீர்கள் என்று பார்ப்பார்கள். உங்கள் எதிராளிகள் தங்கள் ஆட்டங்களில் எத்தனை சதவீதம் வென்றார்கள் என்று கணக்கிட்டுச் சராசரி எடுப்பார்கள். வலியவர்களோடு மோதி மூன்று வென்றவர், எளியவர்களோடு மோதி மூன்று வென்றவருக்கு மேலே நிற்பார். நியாயமான விதி. நான் மொழிபெயர்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

ஆகவே நம்மோடு மோதியவர் பின்னர் வெல்வதும் தோற்பதும் நம்மையும் பாதிக்கும். அதனால்தான், ஒருவர் பாதியில் போய்விட்டால் அவர் பெயரை உடனே வெட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. வெட்டினால் அவர் ஆடிய சுற்றுகள் மட்டுமே கணக்கில் வரும். வெட்டாவிட்டால் அடுத்தடுத்த சுற்றுகளிலும் அவர் பெயருக்கு ஓர் எதிராளி ஒதுக்கப்பட்டு, வராத ஒவ்வொரு சுற்றும் தோல்வியாக ஏறும். இந்த விதிதான் என் தமிழில் இரண்டு இடங்களில் வருகிறது.

அன்று காலையிலிருந்தே மழை. முதல் சுற்றில் நான் தீபக் என்பவரை வென்றேன். கோத்தகிரியில் ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அடுத்த இரண்டு சுற்றுகளையும் அவர் வென்றார். எனக்கு அது நல்லது. மூன்றாம் சுற்று முடிந்ததும் அவர் பதிவு மேசைக்குப் போனார். நான் பக்கத்தில் நின்றேன்.

“சார், மழ வலுக்குதுங்க. ரோட்டுல மண்ணு சரிஞ்சா ராத்திரி டூட்டிக்குப் போக முடியாது. பஸ் நெலவரம் பாத்துட்டு வர்றேனுங்க.”

“போயிட்டு வா தம்பி. பேரு இருக்கட்டும்” என்றார் திரு. அம்புரோஸ்.

நான்காம் சுற்றில் தீபக்கின் நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் மேசைக்குப் போனேன்.

“சார், தீபக் கோத்தகிரி பஸ் ஏறிட்டாரு. ஏறினதப் பாத்தவங்க இருக்காங்க. பேர வெட்டுங்க.”

“ஏனுங்க சிவகுரு, வர்றேன்னுதான சொல்லிட்டுப் போனாரு?”

“வரமாட்டாருங்க சார்.”

“அத அவருல்ல சொல்லோணும். ஒருத்தன் நனஞ்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறப்ப, உனக்குப் பேரில்லீன்னு உங்களால சொல்ல முடியுமுங்களா? எனக்கு வராதுங்க.”

சொல்லிக்கொண்டே ஏட்டில் தீபக்கின் கட்டத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். கணினியில் பதியலாம் என்று செப்டம்பரிலேயே எழுத்துமூலம் கேட்டிருந்தேன். கையால் எழுதியே பழகிவிட்டது என்று வாயால் பதில் வந்தது.

ஐந்தாம் சுற்றுக்கு நான் மூன்று வெற்றி, ஒரு தோல்வியோடு போனேன். எதிரே சென்ற ஆண்டுச் சாம்பியன் ஜாகீர், பஜாரில் செல்போன் பழுதுபார்ப்பவர். ரஞ்சனி இரண்டு வெற்றி, இரண்டு தோல்வியோடு போனார். அவர் எதிரே காலி நாற்காலி. தீபக்கின் பெயர் உயிரோடு இருந்ததால் அது ரஞ்சனிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

நான் கடைசி அட்டை வரை போராடித் தோற்றேன். ரஞ்சனி ஒரு பன்னைத் தின்றபடி உட்கார்ந்து வென்றார். வராதவருக்காகக் காத்திருக்க வேண்டிய நேரம் கடந்தும் அவர் வெற்றியைக் கேட்கவில்லை. “இன்னுங் கொஞ்சம் பாக்கலாமுங்க சார், பாவம், மழையில வந்துட்டிருப்பாரு” என்று பதிவாளரிடம் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் தீபக்குக்காகப் போட்டிருந்த அட்டை விரிப்பைக்கூட நேராக்கி வைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் என்ன நல்ல பெண் என்றார்கள். என் மேசையில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இருவருக்கும் மூன்று வெற்றி. எதிராளிகளின் சராசரி ரஞ்சனிக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்தெட்டு. ரஞ்சனி எட்டு, நான் ஒன்பது. தீபக்கின் பெயர் வெட்டப்பட்டிருந்தால், ஆடிய மூன்றில் இரண்டு வென்றவராக அவர் என் கணக்கில் நின்றிருப்பார். என் சராசரி ஐம்பத்து மூன்றைத் தாண்டியிருக்கும். ரஞ்சனி இன்னோர் எதிராளியோடு உண்மையாக ஆடி வென்றிருக்க வேண்டும்.

அங்கேயே ஆட்சேபம் தெரிவித்தேன். திரு. அம்புரோஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“மூணாஞ் சுத்தோட வெட்டியிருந்தா அடுத்த ரெண்டு சுத்துலயும் சோடியே மாறியிருக்குமுங்க. நீங்க ஜாகீரோட ஒக்காராமயே போயிருக்கலாம். அந்தப் புள்ள செயிச்சிருக்கலாம், தோத்திருக்கலாம். எட்டாவது ஆருன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்.”

“விதிப்புத்தகத்துல கர்த்தர் இல்லைங்க சார்.”

“நீங்க தமிழ்ல எழுதறப்ப சேத்திருக்கலாமுங்களே” என்றார் பின்னால் நின்ற ஜாகீர். எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சனி சிரிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பிற்பகுதியில் அவர் ஆடிய விதத்தைக் குறை சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று எல்லா ஆட்டங்களையும் குறித்துக்கொண்டேன். இறுதி ஆட்டத்தில் ஜாகீரின் பக்கம் பலமாக இருந்தது. ரஞ்சனியின் கையில் இரண்டே அட்டைகள். இரண்டும் அந்த நேரத்தில் எதற்கும் பயன்படாதவை. அவர் அவற்றை ஒரு முறை பார்த்தார், இடம் மாற்றி வைத்துக்கொண்டார், ஜாகீரைப் பார்த்து அமைதியாக, “உங்க முறைங்கண்ணா” என்றார். ஏதோ பெரிய அட்டை இருக்கிறதென்று நம்பி ஜாகீர் தாக்காமல் பின்வாங்கினார். அந்த ஒரு முறையில் ரஞ்சனிக்கு வேண்டிய அட்டை வந்தது. ஆட்டம் முடிந்தது.

எப்படித் துணிந்தார் என்று பிறகு கேட்டேன். வாழ்க்கைக் குறிப்புக்கு அது தேவை.

“வர்க்கி தீந்துபோச்சுன்னு மொகத்துல காட்டினா ஆளு அடுத்த கடைக்குப் போயிருவாங்கண்ணா. உள்ள சூடா வருதுங்கற மாதிரியே நிக்கோணும். அப்புறம் நெசமாவே வந்துரும்.”

இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. இதை மொழிபெயர்க்கவும் முடியாது. எத்தனை ஆண்டுகள் எழுதினாலும் என் முகத்துக்கு இது வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எட்டாம் இடம் எனக்கு வேண்டும். அது முகத்தைப் பார்த்துத் தருவதல்ல, கணக்கால் வருவது. கணக்கில் நான் தவறியதில்லை.

திரு. அம்புரோஸ் பாரபட்சம் காட்டினார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. நான்காம் சுற்றில் வட்டம் போட்டபோது, ஐந்தாவதில் அந்தக் காலி நாற்காலி யாருக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. அவர் வழக்கம் அது. அந்த வழக்கத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டது என்பதையும் மேலே ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

என் பக்கத்தையும் எழுதுகிறேன். என் அப்பா முனியசாமி வேறொரு தனியார் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். தங்கை கல்யாணத்துக்காகக் கீழ்நாட்டுக்குப் போனார். மழையில் மலைப்பாதை சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. அவர் நனைந்து வந்து வாசலில் நின்றபோது செக்ரோலில் அவர் பெயர் இல்லை. கோடு தெளிவாக, நேராக, சிவப்பு மையில் போடப்பட்டிருந்தது என்று அப்பா சொல்வார். நாங்கள் லயத்தை விட்டிறங்கிக் குன்னூரில் ஒற்றை அறைக்கு வந்தோம். என் பள்ளிப் படிப்பு அந்த ஆண்டோடு முடிந்தது. வேலையிலிருந்து நீக்கி அப்பாவுக்குக் கொடுத்த பத்துச்சீட்டுத்தான் என் கோப்பின் முதல் தாள்.

அந்த அலுவலகத்தில் பென்சில் வைத்திருந்த ஒருவர் இருந்திருக்கலாம். இல்லை. பெயர் போனால் போனதுதான், விதி விதிதான் என்று பழகி வளர்ந்தவன் நான். அந்த விதி என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை எனக்குச் சாதகமாக நின்றது. அன்று வட்டம் போட்டார்கள். இசக்கியம்மாவுக்கு வட்டம், தீபக்குக்கு வட்டம், அதன் பலன் ரஞ்சனிக்கு. எல்லோருக்கும் கோடு என்றால் எனக்குப் புரியும். எல்லோருக்கும் வட்டம் என்றாலும் ஏற்றுக்கொள்வேன்.

சென்ற வாரம் ரஞ்சனி கடைக்கு வந்தார். மாநிலப் போட்டிக்கு அனுப்ப வேண்டிய சான்றுகளை நகலெடுக்க வேண்டும் என்றார். எடுத்தேன். ஓரம் சாயாமல், கறை விழாமல்தான் எடுத்தேன்.

“மலர்ல என்னப் பத்தி எழுதறீங்களாமுங்களே அண்ணா?”

“எழுதறேன்.”

“அம்மா கதை வருதுங்களா?”

“வருது.”

“எட்டாவது எடம்?”

“அதுதான் முதல் வரி. கடைசியில குழுகிட்ட பதிலும் கேக்கறேன்.”

அவர் நகல்களைச் சரிபார்த்து உறைக்குள் வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. தெரியாது என்பது உங்களுக்கே தெரியுமே. வாசலில் குடையை விரித்தவர் திரும்பிப் பார்த்தார்.

“பதில் வந்தா எனக்கும் ஒண்ணு எடுத்து வையுங்கண்ணா. நானும் தெரிஞ்சுக்கோணும்.”

அவ்வளவு இலேசாகக் கேட்க எனக்கு வராது. அதுவும் அவருக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே போட்டிக் குழுவிடமும் பதிவாளர் திரு. அம்புரோஸிடமும் கேட்கிறேன். போனவரின் பெயரை வெட்டாமல் வைத்தது எந்த விதியின்படி? விதியின்படி அல்ல, வழக்கத்தின்படி என்றால், அந்த வழக்கம் அடுத்த போட்டியிலிருந்து எல்லாருக்கும் உண்டா? கோத்தகிரிக்குப் பேருந்து ஏறப் போகிறவன் நானாக இருந்தாலும் என் பெயர் இருக்கட்டும் என்பீர்களா? ஐந்தாம் சுற்றின் முடிவில் விதிப்படி எட்டாவது யார்? கோப்பையை யாரிடமிருந்தும் திரும்பப் பெற வேண்டாம். கோயம்புத்தூருக்கு ரஞ்சனியே போகட்டும். அந்த ஒரு வரி மட்டும் தாளில் வேண்டும்.

மாநிலப் போட்டிக்கு முன்னதாக, தேதியும் கையெழுத்தும் இட்டு, மையால் எழுதிய பதில் தேவை. பென்சிலால் எழுதியதும் வாயால் சொல்வதும் ஏற்கப்பட மாட்டா. இரண்டு பிரதிகளாகத் தரவும். ஒன்று என் கோப்புக்கு, மற்றொன்றை ரஞ்சனி கேட்டிருக்கிறார்.